ரிக்கவரி 54-ஆ, 48-ஆ? ஒரு மாங்கூழ் ஆலைக்கு எந்தக் கணக்குமொழி ஒத்துவரும்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் பெங்களூரா ரக மாங்காயை நம்பி ஓடும் சின்ன மாங்கூழ் ஆலை அது. பங்குதாரர்கள் மூன்று பேர், மூவரும் பங்காளிகளே. அண்ணன் காய் வாங்குகிறார். தம்பி வங்கியையும் ஆடிட்டரையும் ஏற்றுமதிக்காரரையும் பார்த்துக்கொள்கிறார். தம்பி மகன் ஆலையை ஓட்டுகிறான். நான் மாதம் இரண்டு நாள் போய்க் கணக்கு பார்த்துக் கொடுப்பவன்.

சீசன் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்திருந்தபோது, இந்த வருசம் ரிக்கவரி, அதாவது காயில் எத்தனை சதவீதம் கூழாக வந்தது, எவ்வளவு என்று கேட்டேன். பெரியவர் 50 சதவீதம் என்றார். பையன் 54 என்றான். தம்பி தன் நோட்டைப் பார்த்து 48 என்றார்.

"நீ மிஷின் பக்கத்துலயே நின்னா எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்றார் பெரியவர்.

"நீங்க வாங்கிப் போட்ட அழுகலை நான் எப்படி பெரியப்பா கூழாக்குறது?" என்றான் பையன்.

ஒருவர் பொய் சொல்கிறார் என்று மூவருமே நினைத்தார்கள். யாரும் சொல்லவில்லை. புரிவதற்காக ஒரு 100 டன்னை எடுத்துக்கொள்வோம். எடைமேடைச் சீட்டில் 100 டன் காய். பழுக்க வைக்கும் ஷெட்டில் எடை குறைந்து, அழுகல் கழிந்து, லைனில் ஏறியது 92 டன். வெளியே வந்த கூழ் 50 டன். பையன் 50-ஐ 92-ஆல் வகுத்தான்: 54.3. பெரியவர் 100-ஆல் வகுத்தார்: 50. தம்பி ஏற்றிய டிரம்மை எண்ணினார். 215 கிலோ டிரம் 224 போயிருக்கிறது, அது 48.16 டன். மீதி சாம்பிள், சிந்தியது, பை உப்பி ஒதுக்கியது. மூன்றும் சரியான கணக்கு.

சரி, இதனால் என்ன கெட்டுப்போகிறது? காய் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பையன் கணக்கில் ஒரு கிலோ கூழில் காய்ச் செலவு 36.80 ரூபாய். தம்பி கணக்கில் 41.50. ஏற்றுமதிக்காரர் போனில் விலை கேட்கும்போது எந்த எண்ணை மனதில் வைத்துப் பேசினார்கள் என்பதைப் பொறுத்து, 1,000 டன்னுக்கு 47 லட்சம் அங்கேயோ இங்கேயோ போகும். இதற்கு மேல் மண்டிக் கழிவு வேறு இருக்கிறது. எடைமேடை காட்டிய எடை ஒன்று, கழிவு போக விவசாயிக்குப் பணம் கொடுத்த எடை இன்னொன்று. கூழில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் பிரிக்ஸ் வேறு. 14 பிரிக்ஸ் கூழைச் சுண்டவைத்து 28 பிரிக்ஸ் கான்சன்ட்ரேட் ஆக்கினால் இரண்டு கிலோ ஒரு கிலோவாகிவிடும். அப்போது ரிக்கவரி பாதியாகத் தெரியும். நஷ்டம் ஒன்றும் கிடையாது, தண்ணீர்தான் போயிருக்கிறது.

எங்கள் பாட்டி காலத்தில் தானியம் அளக்கும் வள்ளம், ஒரு சந்தையுடையது இன்னொரு சந்தையுடையதற்கு ஒத்துவராது என்பார்கள். கிலோ வந்து அந்தச் சண்டை ஓய்ந்தது. தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொற்களுக்கு இன்னும் அப்படி ஒரு கிலோ வரவில்லை.

எல்லாரும் ஒரே மாதிரி பேச ஒரு முறையைக் கொண்டுவரும்படி மூவரும் என்னிடம் சொன்னார்கள். நான்கு முறைகளை எடுத்து, இந்த ஆலையில் போட்டுப் பார்த்தேன்.

ஆடிட்டர் மொழி

முதலில் மனதில் வருவது லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும்தான். வெனிஸ் வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாசியோலி 1494-ல் அச்சேற்றினார். அதற்குப் பிறகு ஐந்நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்கப் புழங்கும் மொழி இது. கிருஷ்ணகிரி வங்கி மேனேஜருக்கும் புரியும், ராட்டர்டாமில் கூழ் இறக்குபவருக்கும் புரியும். அந்த வசதி மற்ற எந்த முறைக்கும் கிடையாது.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2021 ஏப்ரல் முதல், கம்பெனிகள் ஆண்டுக் கணக்கின் குறிப்புகளில் 11 விகிதங்களைக் காட்ட வேண்டும். நடப்பு விகிதம், கடன்-மூலதன விகிதம், கடன் திருப்பும் திறன், சரக்குச் சுழற்சி, போட்ட மூலதனத்துக்கு வருமானம் என்று பட்டியல் போகும். எனக்கு அந்த விதியில் பிடித்தது பட்டியல் கிடையாது, அதன் வாலில் உள்ள வரி. ஒவ்வொரு விகிதத்திலும் மேலே எதைச் சேர்த்தீர்கள், கீழே எதைச் சேர்த்தீர்கள் என்று விளக்க வேண்டும். போன வருடத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் எழுத வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு விதமாக வகுப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

எக்ஸ்பிஆர்எல் என்று ஒன்றும் இருக்கிறது. கணக்கின் ஒவ்வொரு எண்ணுக்கும் கணினி படிக்கும் அடையாளச் சீட்டு ஒட்டும் முறை. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளும், 5 கோடி மூலதனமோ 100 கோடி விற்றுமுதலோ தாண்டியவையும் 2010-11 கணக்கிலிருந்து அதில் தாக்கல் செய்கின்றன. இவர்களின் ஆலை அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. எண் எந்த இனம் என்று அது சொல்லும். ஆலை நன்றாக ஓடியதா என்று சொல்லாது. அதோடு விடுகிறேன்.

ஆடிட்டர் மொழியின் குறை, அது தாமதமாகப் பேசுவது. ஜூலையில் நடந்த தப்பு அடுத்த ஜூலையில் தெரியும். இன்னொரு குறை ஆபத்தானது. ஆலையின் வருட நிலைச்செலவு, அதாவது ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆகும் செலவு, 1.5 கோடி, வழக்கமான கொள்ளளவு 1,500 டன் என்று வையுங்கள். 1,000 டன் ஓட்டி 1,000 டன்னும் விற்றால், 1.5 கோடி முழுவதும் அந்த வருடச் செலவு. அதே 1,000 டன் விற்பனைக்கு 1,500 டன் ஓட்டினால், கிலோவுக்கு 10 ரூபாய் வீதம் 50 லட்சம் நிலைச்செலவு குடோனில் உள்ள டிரம்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும். விற்காத கூழைக் கூடுதலாக அரைத்ததால், காகிதத்தில் 50 லட்சம் லாபம் கூடித் தெரியும். ஸ்டாக்கை அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் குறைந்ததில்தான் காட்ட வேண்டும் என்று கணக்கியல் தரம் 2 கடிவாளம் போடுகிறது. ஆனால் விலை விழாத வரைக்கும் அந்தக் கடிவாளம் இழுபடாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓசூர் மொழி

பையன் கேட்டது இதைத்தான். அவன் சிநேகிதர்கள் ஓசூர் சிப்காட்டில் இருக்கிறார்கள். அங்கே டீக்கடையிலேயே ஓஇஇ (மிஷினின் மொத்தத் திறன்) எவ்வளவு என்று பேசுவார்கள். ஜப்பானின் சேயிச்சி நகஜிமா வகுத்துக் கொடுத்த அளவு. மிஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், வந்த பொருளின் தரம் என்ற மூன்று சதவீதத்தையும் பெருக்க வேண்டும். 90, 95, 99 வந்து, அவற்றைப் பெருக்கினால் 85-ஐ ஒட்டி நிற்கும். உலகத்தரம் என்று சொல்லும் 85 அங்கிருந்துதான் வந்தது.

ஆலையில் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளில் நான்கு மணி நேரம் குழாய், தொட்டி கழுவுவதற்குப் போகும். மீதி 20 மணி நேரத்தில் 16 மணி நேரம் ஓடியது: 80. மணிக்கு 5 டன் காய் தள்ள வேண்டிய லைன் 4.25 டன் தள்ளியது: 85. தரம் 98. பெருக்கினால் 66.6. பரவாயில்லை.

"கழுவுற நேரத்தை ஏன் கழிக்கிறே? அப்பவும் கரண்ட் பில் ஓடுதே" என்றார் பெரியவர். 24 மணி நேரத்தால் வகுத்தால் 55.5. அப்புறம் தம்பி ஒரு கேள்வி போட்டார்: வங்கி வட்டி 365 நாளும் ஓடுகிறது, சீசனோ 75 நாள்தான், வருடத்துக்கே கணக்குப் போட்டால்? 11.4 வந்தது. ரிக்கவரி சண்டை வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றதைப் போல இருந்தது எனக்கு.

வருடம் முழுக்க ஒரே வண்டிக் கம்பெனிக்கு ஒரே மாதிரி பாகம் கடையும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஓஇஇ அருமையான அளவு. கச்சாப் பொருள் வாடிக்கையாளர் கொடுப்பது, ஆர்டர் நிச்சயம், மிஷின் நிற்பதுதான் நஷ்டம். அப்படிப்பட்ட யூனிட் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஓஇஇ-யை எடுத்துக்கொள்ளலாம். மாங்கூழில் நிலைமை வேறு. மிஷினை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்ற வெறியில், பாதி பழுத்த புளிப்புக் காயையும் ஏற்றுவார்கள். ஓடிய நேரம் கூடும், பிரிக்ஸ் குறையும், வாங்க ஆள் இல்லாத டிரம் அடுக்கும். மேலே சொன்ன ஆடிட்டர் மொழி அதையும் லாபம் என்று சொல்லும். இரண்டு மொழியும் கைகோத்துக்கொண்டு ஓர் ஆலையை மூழ்கடிக்க முடியும்.

நான்கு பக்க ஸ்கோர்கார்டு

ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் 1992-ல் முன்வைத்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு. பணத்தை மட்டும் பார்க்காதே. வாடிக்கையாளர், உள்வேலை, கற்றுக்கொள்வது என்று இன்னும் மூன்று பக்கமும் பார் என்கிறது. யோசனையில் குறை சொல்ல முடியாது. விவசாயிக்கு எத்தனை நாளில் பணம் போகிறது, எத்தனை டிரம் திரும்பி வந்தது என்பதெல்லாம் லாப நட்டக் கணக்கில் தெரியாத, ஆனால் அடுத்த சீசனை முடிவு செய்கிற விஷயங்கள்.

இதை நானே ஒருமுறை வேறோர் இடத்தில் போட்டு மூக்குடைபட்டேன். ஆர்வக் கோளாறில் 23 அளவுகள் வைத்துப் படிவம் அடித்துக் கொடுத்தேன். முதல் வாரம் நிரப்பினார்கள். மூன்றாவது வாரம் எல்லாக் கட்டத்திலும் போன வார எண்ணோடு ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்து ஸ்டோர் கிளார்க் எழுதியிருந்தார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. காய் லாரி வரிசையாக நிற்கும்போது 23 கட்டம் நிரப்பச் சொன்னது நான்தான்.

ஆனால் ஓர் இடத்தில் ஸ்கோர்கார்டு இல்லாமல் முடியாது. அது விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் கம்பெனி. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் இப்போது அப்படிப்பட்டவை இருக்கின்றன. 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்த வகை அது. அங்கே லாபம் என்ற சொல்லே குப்புற விழுந்துவிடும். கம்பெனிக்குக் காய் விலை செலவு; அந்தச் செலவுதான் உறுப்பினரின் வருமானம். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் கம்பெனி லாபம் குறையும், உறுப்பினர் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும். விலையில் ஒரு பகுதியை இப்போது கொடுக்காமல் வைத்திருந்து பின்னால் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது, அதற்கு நிறுத்திவைத்த விலை என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்தத் தொகையைக் கூட்டாமல் வெறும் நிகர லாபத்தைப் பார்த்து ஒரு உற்பத்தியாளர் கம்பெனியை நொண்டி என்று சொல்பவர், தப்பான மொழியில் படித்துக்கொண்டிருக்கிறார். அங்கே குறைந்தது இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்: கம்பெனியிடம் தங்கியது எவ்வளவு, மண்டி விலையைவிட உறுப்பினருக்குக் கூடுதலாகப் போனது எவ்வளவு. நம் ஆலையோ மூன்று பங்காளிகளுடையது. அந்தச் சிக்கல் இங்கே இல்லை.

த்ரூபுட்

இஸ்ரேலில் இயற்பியல் படித்த எலியாஹு கோல்ட்ராட் 1980-களில் சொன்ன வழி. மூன்றே சொல். விற்பனையிலிருந்து, அந்தப் பொருளுக்காகவே கைவிட்டுப் போன செலவை மட்டும் கழித்தால் த்ரூபுட். உள்ளே முடங்கியிருக்கும் பணம் சரக்கு. கதவைத் திறந்து வைக்கவே ஆகும் செலவு நிர்வாகச் செலவு. விற்காத வரை த்ரூபுட் பூஜ்யம். குடோனில் அடுக்கி லாபம் காட்டும் வித்தை இதில் நடக்காது. அடுத்தது முக்கியம்: வரிசையில் எந்த இடம் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறதோ, அந்த இடத்தின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு த்ரூபுட் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதை வைத்து ஒரு பழைய வழக்கைத் தீர்த்தோம். பெரியவருக்கு அல்போன்சா மேல் ஆசை. கிலோவுக்கு நிற்பது அதிகம் என்பார். அவர் சொன்னது மெய்தான்; எங்கள் மாதிரிக் கணக்கில் அல்போன்சா கூழுக்குக் கிலோவுக்கு நிற்பது 30 ரூபாய், பெங்களூராவுக்கு 18 ரூபாய் என்று போட்டோம். ஆனால் அல்போன்சாவில் வெளியே தெரியாமல் உள்ளே சதை பஞ்சாகிக் கிடக்கும் கோளாறு உண்டு. கையால் வெட்டிப் பார்த்துத்தான் தள்ள வேண்டும். லைன் மணிக்கு 1.5 டன் கூழ்தான் கொடுக்கும். பெங்களூரா 2.7 டன் கொடுக்கும். மணிக்கு அல்போன்சா 45,000 ரூபாய், பெங்களூரா 48,600 ரூபாய். உச்ச சீசனில் மணிக்கணக்கில் லாரி காத்திருக்கும்போது, பெங்களூராதான் சோறு போடுகிறது. சீசன் தொடக்கத்தில் லைன் காலியாக இருக்கும் நாட்களில் மணிக்கணக்கு தேவையில்லை, கிலோக்கணக்கு போதும். அப்போது அல்போன்சா ஓட்டலாம். பெரியவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

குறை என்ன? வங்கியில் போய் த்ரூபுட் என்றால், சார், கேஷ் ஃபுளோ கொடுங்க என்பார்கள். நிலைச்செலவை எந்தப் பொருள் தலையிலும் கட்டாததால், எல்லா ஆர்டரும் லாபமாகத் தெரிந்து விலையை இறக்கி இறக்கி விற்கும் பழக்கமும் வரக்கூடும். அப்புறம், எது இழுத்துப் பிடிக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். ஜூன் முதல் வாரம் பழுக்க வைக்கும் ஷெட், மூன்றாம் வாரம் கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர், அக்டோபரில் வாங்குபவர்.

எதை எடுத்தோம்

நான் சொன்னது: வீட்டுக்குள் த்ரூபுட், வெளியாருக்கு ஆடிட்டர் மொழி. சீசன் 75 நாளும் தினமும் ஒரே ஒரு எண்: இழுத்துப் பிடிக்கும் இடத்தின் மணிக்கு எவ்வளவு. வங்கியும் சட்டமும் கேட்கும் விகிதங்கள் வழக்கம்போல. ஓஇஇ-யை பையன் தன் மெக்கானிக்கோடு பேசிக்கொள்ளட்டும். பெரியவரிடம் அந்தச் சொல்லைக் கொண்டுவரக் கூடாது. ஸ்கோர்கார்டிலிருந்து இரண்டே இரண்டு: விவசாயிக்குப் பணம் போன நாள் கணக்கு, திரும்பிய டிரம்.

தம்பிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. இரண்டு மொழி வைத்தால் மறுபடியும் சண்டை வரும், எல்லாவற்றையும் டேலி கணக்கு மென்பொருளிலேயே முடித்துவிடலாம் என்கிறார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு வேலை செய்தோம். எட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதி எழுதினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே என்ன, கீழே என்ன, யார் அளப்பது, எப்போது அளப்பது. முதல் சொல் இப்படி வந்தது:

ரிக்கவரி: 14 பிரிக்ஸுக்கு மாற்றிய, டிரம்மில் அடைத்த கூழின் எடையை, எடைமேடைச் சீட்டில் உள்ள காய் எடையால் வகுப்பது. கழிவைக் கழிப்பதற்கு முந்தைய எடை. ஷெட்டில் போனது ஷெட் இழப்பு, லைனில் போனது லைன் இழப்பு, அடைத்த பிறகு ஒதுக்கியது டிரம் இழப்பு. மூன்றும் தனித்தனியே எழுதப்படும். எடைமேடைக்காரர் காலை எட்டு மணிக்கு எழுதுவார்.

இழப்பை மூன்றாகப் பிரித்ததும் பெரியவரும் பையனும் ஒருவரையொருவர் கைநீட்டுவது பாதியாகக் குறைந்தது. எந்தக் கட்டத்தில் போனது என்று சீட்டே சொல்லிவிடுகிறது.

எட்டில் ஏழு சொல்லுக்கு மூவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கழுவும் நான்கு மணி நேரம் ஓடும் நேரமா, ஓடாத நேரமா என்பதுதான் பாக்கி. அடுத்த காய் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். மே மாதம் அவர்களுக்கு என்னோடு பேச நேரம் இருக்காது.